மண்ணுக்குள் இருந்த சுவிச்சுகள்



வன்னியின் வரலாறு என்று சொன்னவுடன் எங்கள் மனக்கண்ணில் முதலில் தோன்றுபவை குளங்கள். அதன் பின் காடுகள், வன்னிமைகள், பண்டாரவன்னியனின் பெயர். இவையெல்லாம் ஏட்டில் ஏறிய வரலாறு. ஏட்டில் ஏறாத வரலாறு ஒன்றும் உண்டு. அது எங்கள் வீட்டில் ஒரு பிஸ்கற் தகரத்துக்குள் இருந்தது. இன்று நான் சொல்லப்போவது அந்தத் தகரத்தின் கதையைத்தான்.

2011ஆம் ஆண்டு, கிளிநொச்சியில் எங்கள் பழைய வளவில் மலசலகூடத்துக்குக் குழி வெட்டிக்கொண்டிருந்தோம். மண்வெட்டி ‘ணங்’ என்று எதிலோ பட்டது. அந்த நாட்களில் அப்படி ஒரு சத்தம் கேட்டால் எவருக்கும் நெஞ்சு ஒரு கணம் நின்றுவிடும். ஆறுதலாக மண்ணை விலக்கிப் பார்த்தால், துருப்பிடித்து அரைவாசி கரைந்துபோன பிஸ்கற் தகரம். உள்ளே பொலித்தீனில் சுற்றியபடி ஏழு வட்டச் சுவிச்சுகள், நான்கு மின்குமிழ்க் கூடுகள், இரண்டு பீங்கான் உருகிகள், ஒரு இருமுள் குதை. 1996ஆம் ஆண்டு இடம்பெயர்ந்தபோது அம்மா கழற்றிப் புதைத்தவை. போர்நிறுத்த காலத்தில் வந்து தேடினோம். அடையாளத்துக்கு நின்ற முருங்கை இல்லாததால் கிடைக்கவில்லை.

கதவையும் நிலையையும் கழற்றிக்கொண்டு ஓடியவர்களை நான் கண்டிருக்கிறேன். 1990ஆம் ஆண்டின் பின் மின்சாரமே இல்லாத வீட்டிலிருந்து சுவிச்சுகளைக் கழற்றிப் புதைத்தவரை எங்கள் வீட்டில்தான் கண்டேன். ஏனம்மா என்று கேட்டால், “கறன்ற் ஒரு நாளைக்கு வரத்தானே வேணும்” என்பார்.

இந்த இடத்தில் சற்றுப் பின்னோக்கிச் செல்வோம். 1895ஆம் ஆண்டு இரண்டு காரியங்கள் நடந்தன. ஜே. பி. லூயிஸ் என்ற ஆங்கில நிர்வாகி வன்னி மாவட்டங்கள் பற்றிய தமது கைந்நூலை வெளியிட்டார். உடைந்த குளங்களையும் ஆளரவம் குறைந்த ஊர்களையும் அவர் பதிவுசெய்த அதே ஆண்டில், கொழும்புக் கோட்டைப் பகுதியில் பூஸ்ரட் சகோதரர்கள் என்ற கொம்பனி மின்சாரம் வழங்கத் தொடங்கியது. ஒரே தீவு, ஒரே ஆண்டு. அங்கே மின்விளக்கு, இங்கே தேங்காயெண்ணெய் விளக்கு.

1918ஆம் ஆண்டு பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர, மலைநாட்டு நீர்வீழ்ச்சிகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் சங்கத்தில் கட்டுரை படித்தார். அது நிறைவேறி லக்சபான இயங்கியது 1950ஆம் ஆண்டில். இலங்கை மின்சார சபை உருவானது 1969ஆம் ஆண்டில். எங்கள் ஒழுங்கைக்கு மின்கம்பம் வந்ததோ 1974இல்.

அப்போது ஐயா நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வேலை. புதுச் சாமான் வாங்கக் கையில் காசில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு பழைய கல்வீட்டின் வயரிங்கை மாற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அங்கே கழற்றியவற்றை ஒரு சாக்கில் கட்டி, புகைவண்டியில் கொண்டுவந்தார். எங்கள் வீட்டுக்கு வரும்போதே அவை பழசு என்க. பின்புறத்தில் இங்கிலாந்தில் செய்யப்பட்டது என்ற பொறிப்பு. அடியிலும் குமிழிலும் கபிலநிறப் பேக்கலைற். மேலே பித்தளை மூடி.

பேக்கலைற் என்பது பெல்ஜியத்தில் பிறந்த லியோ பேக்லண்ட் 1907ஆம் ஆண்டு அமெரிக்காவில் கண்டுபிடித்த செயற்கைப் பிசின். ஒருமுறை சூட்டில் இறுகினால் மறுபடி உருகாது, துருப்பிடிக்காது, கறையான் தின்னாது. பதினைந்து ஆண்டு மண்ணுக்குள் கிடந்தும் அவை உருக்குலையாததன் இரகசியம் அதுதான்.

அந்தச் சுவிச்சின் ‘டக்’ என்ற சத்தத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. ஆளியை மெதுவாகத் திறந்தால் இரு உலோகங்களுக்கும் இடையில் தீப்பொறி நீண்டு முனைகளை எரித்துவிடும். 1884ஆம் ஆண்டு நியூகாசில் நகரத்து ஜோன் ஹென்றி ஹோம்ஸ், கை எவ்வளவு மெதுவாக அசைந்தாலும் வில்லின் விசையால் தொடுப்பு வெடுக்கென்று விடுபடும் ஆளியைச் செய்தார். அந்த வில் தாவும் ஓசையே நாங்கள் கேட்கும் ‘டக்’.

1990ஆம் ஆண்டின் பின் எங்களுக்கு அந்த ஓசையும் இல்லை. ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைச் சுழற்றி, டைனமோவில் வானொலி கேட்டோம். வீட்டுச் சுவர்களில் சுவிச்சுகள் மட்டும் வேலையற்று இருந்தன. அம்மா வெள்ளிக்கிழமைகளில் அவற்றையும் துடைப்பார்.

போர் முடிந்து, கம்பங்கள் மீண்டும் நடப்பட்டு, எங்கள் வீட்டுக்கும் இணைப்பு வரும் காலம் வந்தது. ஐயா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். அம்மாவுக்கோ கண் பார்வை மங்கிவிட்டது. வயரிங் செய்ய வந்த தம்பி தகரத்தைப் பார்த்துச் சிரித்தான்.

“உதுகளை எறியுங்கோ அண்ணை. வீட்டை எரிச்சுப்போடும்.”

“தம்பி, உது இவரின்ரை ஐயா தன்ரை கையாலை பூட்டினது. எனக்கு இருட்டிலும் கை போகும்” என்றார் அம்மா.

இருவர் சொன்னதும் நியாயம். மறுநாள் அந்தத் தம்பி மெகர் கருவியுடன் வந்தான். 500 வோல்ற் கொடுத்துக் காவலின் தடையை அளப்பது அது. 1 மெகா ஓமுக்குக் குறைந்தால் கழிவு. ஏழில் நான்கு தேறின. மூன்றில் மயிரிழை வெடிப்பு. இருமுள் குதையைத் தொடவே மறுத்தான். நிலத்தொடுப்புக்கு அதில் இடமில்லை. உருகிகளும் ஒதுக்கப்பட்டன.

பித்தளை மூடிகளை அம்மா புளி போட்டு மினுக்கினார். “உள்ளுக்குள்ளை புளி படக்கூடாது அம்மா, செம்பை அரிக்கும்” என்று அவன் எச்சரித்து, உட்பாகங்களைத் தானே துப்புரவாக்கினான். துருவேறிய இரும்பு ஆணிகளுக்குப் பதில் பித்தளை ஆணிகள். செல்லரித்த வட்டக் கட்டைகளுக்குப் பதில் முதிரையில் கடைந்த புதியவை. குறைந்த மூன்று சுவிச்சுகளைத் தேடிக் கொழும்பு பஞ்சிகாவத்தையில் இரண்டு நாள் அலைந்தேன். பழைய இரும்புக் கடையொன்றில் இரண்டு கிடைத்தன. மூன்றாவது கிடைக்கவில்லை, அந்த இடத்தில் புதுச் சுவிச்சே இருக்கிறது.

சுவருக்குள் ஓடுவது முழுவதும் புதிய வயர். அந்தக் காலத்து இறப்பர் உறை வயர் வளைத்தாலே பொடியாகும். எங்கள் பழைய வயரையோ போர்க்காலத்தில் எவரோ உருவிக்கொண்டு போய்விட்டனர். பித்தளை மூடி ஒவ்வொன்றுக்கும் நிலத்தொடுப்பு இழுத்து, கிணற்றடி ஈரமண்ணில் கோலை இறக்கினோம். 30 மில்லி அம்பியர் கசிந்தாலும் வெட்டிவிடும் ட்ரிப் சுவிச்சு முன்னால் காவல் நிற்கிறது. பழையதைப் பேணுவதென்றால் அதன் ஆபத்தையும் சேர்த்துப் பேணுவதல்ல என்பதை நான் கற்றது அந்தத் தம்பியிடம்.

மின்சாரம் வந்த அன்று மாலை அம்மாவைக் கைபிடித்துக் கூட்டிச் சென்றேன். வாசலில் என் கையை உதறிவிட்டார். சுவரில் தடவவில்லை, நேரே கை போனது. குமிழைக் கீழே அழுத்தினார்.

‘டக்.’

வெளிச்சம் வந்தது. அம்மா மேலே பார்க்கவில்லை. சுவிச்சிலிருந்து கையை எடுக்கவுமில்லை.

“சத்தம் அதேதான்” என்றார்.

தேறாத மூன்று சுவிச்சுகளும் இன்னும் ஒரு புதிய பிஸ்கற் தகரத்துக்குள் அவருடைய அலுமாரியில் இருக்கின்றன. அவற்றை எறிவதற்கு எனக்கு இதுவரை அனுமதி கிடைக்கவில்லை, நேயர்களே.