‘இறே’ என்னும் சொல்லும் ஈட்டின் நடையும்

திருவாய்மொழியின் வியாக்கியானங்கள் ஐந்தும் அளவாலே பெயர் பெற்றவை: ஆறாயிரப்படி, ஒன்பதினாயிரப்படி, பன்னீராயிரப்படி, இருபத்துநாலாயிரப்படி, முப்பத்தாறாயிரப்படி. ஒற்று நீக்கி 32 எழுத்துக் கொண்டது ஒரு கிரந்தம். அதுவே இங்குப் ‘படி’ எனப்படுவது. அநுஷ்டுப் சுலோகத்துக்கு உரிய இவ்வளவுகோல் ஏடு எழுதுவோர்க்குக் கூலி கணக்கிடவும், இடைச்செருகலும் விடுபாடும் நேராமல் காக்கவும் பயன்பட்டது. தமிழ்ப் பிரபந்தத்துக்குத் தமிழ் வினைமுற்றுகளால் இயன்ற உரை. அதை அளப்பதோ வடமொழிக் கோல். நம் பூர்வர்கள் இதில் முரண் ஏதும் கண்டிலர்.

முரண் கண்டவர்கள் பிற்காலத்தவர். மணிப்பிரவாளம் தமிழைக் கெடுத்த நடை என்பது ஒரு சாரார் கூற்று. அந்நடை நம் ஸம்பிரதாயத்துக்கே உரியது என்று எண்ணிக்கொண்டு சொல்வது அது. 11-ஆம் நூற்றாண்டில் பௌத்தராகிய புத்தமித்திரனார் இயற்றிய வீரசோழியம், வடவெழுத்து இடையே கலந்தால் விரவியல் என்றும், வடசொற்களே கலந்து வந்தால் மணிப்பிரவாளம் என்றும் பிரித்து இலக்கணம் சொல்கிறது. சமணரின் ஸ்ரீபுராணம் இந்நடையில் அமைந்தது. மலையாள நாட்டின் லீலாதிலகம் ‘மணி’ என்பதற்கு மாணிக்கம் என்று பொருள் கொள்ளும்: மாணிக்கமும் பவளமும் ஒரே செந்நிறமாகையால் கோத்த இடம் கண்ணுக்குத் தெரியாது என்பது கருத்து. நம்மவர் பலர் முத்தும் பவளமும் என்று கொண்டு நிறவேற்றுமையையே அழகாகச் சொல்வர். ஈட்டைப் பொறுத்தவரை இவ்விரண்டும் பாதி உண்மையே என்பது அடியேன் கருத்து. ஏனெனில் ஈட்டின் நடை ஒரே நடை அன்று.

இதைக் காண ஆறாயிரப்படியிலிருந்து தொடங்கவேண்டும். எம்பெருமானார் அருளிச்செய்த நவக்கிரந்தங்களும் வடமொழியிலேயே உள்ளன. திருவாய்மொழிக்கு உரையிடும் பணியைத் தாம் செய்யாது, பெரிய திருமலைநம்பியின் குமாரரும் தம்முடைய ஞானபுத்திரருமான திருக்குருகைப்பிரான் பிள்ளானிடம் ஒப்புவித்தார். பிள்ளானின் உரையில் கீதாபாஷ்யத்தின் நீண்ட தொகைச்சொற்கள் பல, தமிழ் வேற்றுமையுருபும் தமிழ் வினையும் பூண்டு வருகின்றன. பாஷ்யம் வல்லோருக்கு, ஆழ்வார் திருவாக்கும் பாஷ்யகாரர் திருவுள்ளமும் ஒன்றே என்று காட்டுவது அவ்வுரையின் நோக்கம். அந்நோக்கத்துக்கு அந்நடையே தகும். பாசுரத்தை முதன்முறையாகக் கேட்பவனுக்கு அது எட்டாது.

மேல்நாட்டிலிருந்து வந்த வேதாந்தியாகிய நஞ்சீயர் அருளிய ஒன்பதினாயிரப்படியின் ஏடு காவிரியில் போனதும், நம்பூர் வரதராஜர் அதை நினைவிலிருந்தே எழுதி முடித்து ‘நம்பிள்ளை’ என்னும் திருநாமம் பெற்றதும் வாசகர் அறிந்தவை. அந்நம்பிள்ளை திருவரங்கத்தில் பகலில் சொல்லிய அர்த்தங்களை வடக்குத் திருவீதிப்பிள்ளை இரவில் ஏடுபடுத்தினார். அதுவே முப்பத்தாறாயிரப்படியாகிய ஈடு. இது எழுதுவதற்காக இயற்றிய நூல் அன்று; சொல்லக் கேட்டு எழுதியது. நடை வேறுபாட்டுக்குக் காரணம் இங்கேதான் உள்ளது.

‘இறே’, ‘காணும்’, ‘என்றபடி’, ‘என்னவுமாம்’ ஆகியவை ஈட்டைத் திறந்தால் பக்கந்தோறும் வருவன. ‘இறே’ என்பது எதிரே இருப்பவனை நோக்கிச் சொல்லும் சொல். அவனும் இதை அறிவான் என்று வைத்து, அவனுடைய இசைவை வேண்டுவது. ‘என்னவுமாம்’ என்பது முன் சொன்ன பொருளைத் தள்ளாமல் மற்றொரு பொருளுக்கு இடம் கொடுப்பது. தத்துவம் நிர்ணயிக்கும் இடத்தில் வடசொற்கள் அணிவகுத்து நிற்கும். ஸௌலப்யம் வேறு, ஸௌசீல்யம் வேறு என்று எல்லை பிசகாமல் பேசவேண்டிய இடம் அது. (இரண்டையும் ‘எளிமை’ என்ற ஒரே சொல்லால் முடித்துவிடும் இன்றைய மேடைப் பேச்சுகளைக் கேட்டவர்க்கு அவ்வெல்லையின் அருமை விளங்கும்.) பராங்குச நாயகியின் பாசுரங்களுக்கு வந்தால், திருத்தாயார் வருந்துவதும் தோழி தேற்றுவதும் அகத்தில் வழங்கும் தமிழிலேயே நடக்கும். ஐதிஹ்யம் சொல்லுமிடத்தில் வாக்கியங்கள் குறுகிவிடும். கோஷ்டியில் பாஷ்யம் கற்றவரும் இருந்தனர், கல்லாதவரும் இருந்தனர். நடை அவ்விருவரையும் மாறிமாறி நோக்குகிறது.

‘என்னவுமாம்’ என்பதன் பின்னே ஒரு வரலாறும் உண்டு. எம்பெருமானார் திருவாய்மொழியைத் திருமலையாண்டானிடம் கேட்டபோது, ஆண்டான் ஆளவந்தாரிடம் கேட்ட பொருளைச் சொல்ல, இவர் சில இடங்களில் வேறு பொருள் விண்ணப்பித்தார். ஆளவந்தாரிடம் கேளாத இது விசுவாமித்திர ஸ்ருஷ்டி என்று ஆண்டான் பாடத்தை நிறுத்திவிட்டார். திருக்கோஷ்டியூர் நம்பி இடைப்பட்ட பின்பே பாடம் தொடர்ந்தது. ஈடு இவ்விரு நிர்வாகங்களையும் இன்னார் இன்னாரது என்று பெயரிட்டே காக்கிறது. எம்பார், பட்டர் ஆகியோர் வார்த்தைகளும் அவ்வாறே. ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டுகள் வாய்மொழியாகவே நிகழ்ந்த விவாதத்துக்கு இதற்கு நிகரான சான்று வேறில்லை. கருத்தை மட்டும் வடித்தெடுக்கும் சுருக்கங்களில் முதலில் உதிர்வது இப்பெயர்களே.

இவ்விடத்தில் புருஷோத்தம நாயுடு அவர்களின் ‘ஈட்டின் தமிழாக்கம்’ பற்றிச் சொல்லாமல் போவது நன்றிகேடாகும். சென்னைப் பல்கலைக்கழகம் பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட அந்நூல், கிரந்த எழுத்து அறியாத தமிழ்ப் புலவர்க்கும் ஈட்டைத் திறந்து வைத்தது. பிரமாணங்களுக்குத் தமிழ் தந்து, சங்கநூல் ஒப்புமைகளும் காட்டியவர் அவர். ‘இறே’ அங்கே ‘அன்றோ’ ஆயிற்று, பொருள் பிழையில்லை. ஆயினும் தத்துவமும் புலம்பலும் ஐதிஹ்யமும் அங்கே ஒரே செந்தமிழில் ஒழுகுவதால், ஆசிரியர் எப்போது யாரை நோக்கித் திரும்பினார் என்பது தெரிவதில்லை. அது மொழிபெயர்த்தவர் குறையன்று; சொல்லை மாற்றலாம், கோஷ்டியை மாற்ற இயலாது. அதை வைத்துக்கொண்டு மூலம் இனி வேண்டா என்பவரோடுதான் அடியேனுக்கு வழக்கு. மூலத்தின் நிலையோ கவலைக்குரியது. 19-ஆம் நூற்றாண்டில் வியாக்கியானங்கள் பல தெலுங்கு லிபியில் அச்சாயின. அவற்றைப் படிப்போர் அருகிவிட்டனர். பின்னர்ப் புத்தூர் ஸு. கிருஷ்ணஸ்வாமி ஐயங்கார் முயன்று பதிப்பித்தவையே இன்று பெரும்பாலோர் கையில் உள்ளவை. அவற்றையும் ஒருவரிடம் கேட்டு வாசிப்பவர் சிலரே.

ஈடு கடினம் என்ற முறையீடு புதிதன்று. பெரியவாச்சான் பிள்ளையின் திருமடைப்பள்ளியில் தொண்டு செய்தவர் ஒருவர் எழுத்தறியாதவர். வித்வான்கள் என்ன நூல் விசாரிக்கிறீர்கள் என்று அவர் கேட்டதற்கு, ‘முஸலகிஸலயம்’, அதாவது உலக்கைக் கொழுந்து, என்று பரிகசித்தார்களாம். அவர் அதன்பின் ஆசாரியனிடமே கற்று, அப்பெயராலேயே ஒரு நூல் செய்து, வாதிகேஸரி அழகியமணவாள ஜீயர் ஆனார் என்பது குருபரம்பரை வரலாறு. பன்னீராயிரப்படி அவர் அருளியது. மற்ற நான்கும் பாசுரத்தின் கருத்தை விரிக்க, இவர் ஒருவரே பதந்தோறும் பொருள் சொல்லிக்கொண்டு போகிறார். இதனைக் கையில் வைத்துக்கொண்டு ஈட்டைக் கேட்பதே இன்றளவும் காலக்ஷேபத்தில் உள்ள வழக்கம்.