ஸ்பைடர்மேன் 2

ஸ்பைடர்மேன் 2, சாம் ரெய்மி இயக்கத்தில் 2004 ஜூன் 30 அன்று அமெரிக்காவில் வெளியான சூப்பர் ஹீரோ படம். 2002இல் வந்த ஸ்பைடர்மேன் படத்தின் இரண்டாம் பாகம். பீட்டர் பார்க்கராக டோபி மகுவயரும், அவன் காதலிக்கும் மேரி ஜேனாக கிர்ஸ்டன் டன்ஸ்டும், நண்பன் ஹாரியாக ஜேம்ஸ் பிராங்கோவும், டாக்டர் ஆக்டோபஸ் என்ற வில்லனாக ஆல்ஃபிரட் மோலினாவும் நடித்தனர். இந்த வகைப் படங்களில் பெரும்பாலும் காதல் ஒரு பக்கம், சண்டை ஒரு பக்கம், வில்லன் ஒரு பக்கம் என்று நிற்கும். இங்கே மூன்றும் ஒரே இழையில் ஓடுகின்றன. ஒன்றைப் பிடித்து இழுத்தால் மற்ற இரண்டும் அசையும். படத்தின் பெருமை அங்கேதான் இருக்கிறது.

கதையின் வேர் காமிக்ஸ் இதழ்களில் உள்ளது. ஸ்டான் லீயும் ஓவியர் ஸ்டீவ் டிட்கோவும் படைத்த ஸ்பைடர்மேன், 1962 ஆகஸ்ட் தேதியிட்ட அமேசிங் ஃபேன்டஸி 15ஆம் இதழில் முதன்முதலாகத் தோன்றினான். கைச்செலவுக்குத் திண்டாடி, வயதான மே அத்தையின் பராமரிப்பில் வளரும் பள்ளிப் பையன் முகமூடிக்குள் இருந்தது அன்றைய வாசகர்களுக்குப் புதுமை. டாக்டர் ஆக்டோபஸ் 1963இல் வந்தான். இரண்டாம் பாகத்துக்கு முதுகெலும்பாக அமைந்தது 1967இல் வெளியான அமேசிங் ஸ்பைடர்மேன் 50ஆம் இதழ். ஸ்டான் லீ எழுத, ஜான் ரொமிட்டா வரைந்த அந்தக் கதையில் பீட்டர் எல்லாம் போதும் என்று வெறுத்துத் தன் உடையைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு நடந்துபோகிறான். அந்த ஓவியத்தை ரெய்மி ஏறக்குறைய அப்படியே காட்சியாக்கினார். சக்தியைத் துறக்கும் நாயகன் திரைக்குப் புதியவன் அல்ல. 1980இல் வந்த சூப்பர்மேன் இரண்டாம் பாகத்தில் நாயகன் காதலுக்காகத் தன் வலிமையை விட்டுக்கொடுத்தான். பீட்டரின் நிலை வேறு. அவனுடைய வலிமை மனச்சோர்வால் தானாகவே வடிந்துபோகிறது. பாதித் தாவலில் கையிலிருந்து வலை வர மறுக்கிறது.

திரைக்கதை ஒரே மூச்சில் உருவானதன்று. ஆல்ஃபிரட் கஃப், மைல்ஸ் மில்லர் இருவரும் எழுதிய ஆரம்ப வடிவத்தில் டாக்டர் ஆக்டோபஸோடு லிசார்ட், பிளாக் கேட் ஆகிய காமிக்ஸ் பாத்திரங்களும் இருந்தன. நாவலாசிரியர் மைக்கேல் சேபானின் வடிவத்தில் இளைஞனான ஆக்டோபஸ், மேரி ஜேன்மீதே ஆசை கொள்கிறான். இவற்றையெல்லாம் சலித்து இறுதிவடிவம் தந்தவர் ஆல்வின் சார்ஜென்ட். ஜூலியா, ஆர்டினரி பீப்பிள் ஆகிய படங்களுக்காக இருமுறை ஆஸ்கர் பெற்றவர். குடும்பத்துக்குள் பேசப்படாமல் கிடக்கும் துக்கத்தை எழுதுவதில் தேர்ந்தவர். ஒரு சூப்பர் ஹீரோ கதையை இப்படிப்பட்டவரிடம் ஒப்படைத்ததே இந்தப் படத்தின் வரலாற்றில் மிகச் சரியான முடிவு. வில்லன்களைக் குறைத்து ஒருவனை மட்டும் வைத்துக்கொண்டதால், அவனுக்கு ஒரு வாழ்க்கையைக் கொடுக்க இடம் கிடைத்தது.

அந்த ஒருவன், டாக்டர் ஆக்டோபஸாக மாறும் ஆட்டோ ஆக்டேவியஸ். முதலில் அவர் பீட்டர் வியந்து போற்றும் விஞ்ஞானி. மனைவி ரோசியோடு பீட்டரை உட்காரவைத்து, காதலைப் பற்றியும் அறிவைப் பற்றியும் அக்கறையாகப் பேசுகிறார். அணுக்கரு இணைவுச் சோதனை கைமீறிப்போகும்போது ரோசி இறக்கிறாள். அவர் முதுகில் பொருத்தியிருந்த இயந்திரக் கரங்களை அவருடைய மூளைக்குக் கட்டுப்பட வைத்திருந்த சில்லும் கருகிவிடுகிறது. பிறகு கரங்கள் அவரை ஆட்டிவைக்கின்றன. தன் கனவை விடமுடியாத ஆக்டேவியஸ், கனவையெல்லாம் கடமைக்காக விட்டுக்கொண்டே வரும் பீட்டர் என இருவரையும் எதிரெதிரே நிறுத்துவதால் ஒவ்வொரு சண்டையும் இருவர் மனத்துக்குள்ளும் நடக்கிறது. காதல் காட்சியும் அப்படித்தான் முறிகிறது. உணவகத்தில் மேரி ஜேன் பீட்டரிடம் முத்தம் கேட்கும் அதே நொடியில் கண்ணாடியை உடைத்துக்கொண்டு ஒரு கார் உள்ளே பாய்கிறது. வில்லன் வந்துவிட்டான். அதுவரை இழந்திருந்த வலிமை அந்த நெருக்கடியில் பீட்டருக்குத் திரும்புகிறது.

கரங்களைப் படைத்த விதம் தனியே சொல்லத்தக்கது. எல்லாவற்றையும் கணினியிடம் விட்டுவிடாமல் எட்ஜ் எஃபெக்ட்ஸ் குழுவினர் உண்மையான கரங்களைச் செய்தார்கள். பல காட்சிகளில் பொம்மலாட்டக் கலைஞர்கள் மோலினாவின் அருகிலேயே நின்று அவற்றை இயக்கினார்கள். ஒவ்வொரு கரத்துக்கும் ஒரு சிறு குழு. மோலினா அவற்றுக்கு லாரி, ஹாரி, மோ, ஃப்ளோ என்று பெயரும் வைத்தார். கண்ணெதிரே அசையும் ஒன்றோடு பேசி நடித்ததால்தான், தன் முதுகிலிருந்து முளைத்தவற்றுக்குக் காதுகொடுக்கும் மனிதனாக அவரால் நம்பவைக்க முடிந்தது. கரங்களை அறுத்தெடுக்க மருத்துவர்கள் முயலும் அறுவை அரங்கக் காட்சியில், தி ஈவில் டெட் என்ற திகில் படம் எடுத்த பழைய ரெய்மியை முழுதாகப் பார்க்கலாம். பின்னணி இசை கிடையாது. சுவரில் நிழல்கள், தரையைப் பிறாண்டியபடி இழுபட்டுப்போகும் நகங்கள், அலறல். குழந்தைகளும் பார்க்க வந்த படத்தில் இதை வைக்கத் துணிவு வேண்டும்.

படம் எல்லோராலும் நினைவுகூரப்படுவது ரயில் சண்டைக்காக. கதை நடப்பது நியூயார்க்கில் என்றாலும் உயர்த்தப்பட்ட தண்டவாளக் காட்சிகளை ஷிகாகோ நகரின் லூப் பகுதியில் எடுத்தார்கள். முகமூடி கருகி, பீட்டர் ரயிலின் முன்முகப்பில் நின்று இருபுறக் கட்டடங்களிலும் வலையை வீசிப் பிடிக்கிறான். உடை தோளில் கிழிகிறது. வண்டி நின்றதும் மயங்கிச் சரிகிறவனைப் பயணிகள் தாங்கிப் பிடித்து, தலைக்கு மேலே கைமாற்றிக் கொண்டுபோய்க் கிடத்துகிறார்கள். இவ்வளவு சின்னப் பையனா என்று ஒருவர் வியக்கிறார். இரண்டு சிறுவர்கள் முகமூடியைத் திருப்பிக் கொடுத்து, யாரிடமும் சொல்லமாட்டோம் என்கிறார்கள். சண்டையின் உச்சம் இந்த அமைதியில்தான் முடிகிறது.

இதற்கு ஈடாக நிற்பது சமையலறையில் நடக்கும் ஒரு சிறு உரையாடல். மே அத்தையின் கணவர் பென் மாமா இறந்ததில் தன் பங்கு என்ன என்பதை அவரிடம் பீட்டர் ஒப்புக்கொள்கிறான். மே அத்தையாக நடித்த ரோஸ்மேரி ஹாரிஸ் ஒரு சொல்லும் பேசாமல், பீட்டர் பற்றியிருந்த கையை மெல்ல விடுவித்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுகிறார். படத்தில் பீட்டர் வாங்கிய அடிகளிலெல்லாம் கடுமையானது இதுதான்.

மகுவயரின் முதுகுவலியால் அவருக்குப் பதில் ஜேக் ஜில்லன்ஹாலை நடிக்கவைக்கும் பேச்சு எழுந்து அடங்கியது. 2003 ஏப்ரலில் படப்பிடிப்பு தொடங்கியது. செலவு சுமார் 20 கோடி டாலர். உலகெங்கும் வசூல் 78 கோடி டாலருக்கும் மேல். முதல் பாகத்தைவிடச் சற்றே குறைவுதான். இந்தியாவில் தமிழ்க் குரலிலும் ஓடியது. விமர்சகர் ரோஜர் ஈபர்ட் முழு 4 நட்சத்திரங்கள் வழங்கினார். காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கர் ஜான் டைக்ஸ்ட்ரா, ஸ்காட் ஸ்டோக்டைக், அந்தோணி லமோலினாரா, ஜான் ஃப்ரேசியர் ஆகியோருக்குக் கிடைத்தது.

2007இல் சில காட்சிகள் கூடுதலாகச் சேர்ந்த 2.1 பதிப்பு டிவிடியில் வந்தது. அதே ஆண்டு மூன்றாம் பாகமும் வெளியானது. அதில் சாண்ட்மேன், வெனம், பழிவாங்கத் துடிக்கும் ஹாரி என மூவர் நாயகனுக்கு எதிரே நின்றார்கள். வெனமைச் சேர்க்கத் தயாரிப்பாளர் அவி அராட் வலியுறுத்தினார். ரெய்மிக்கு அதில் மனம் ஒட்டவில்லை. வசூல் கூடியது, ஆனால் எந்த வில்லனுக்கும் ஆக்டேவியஸுக்குக் கிடைத்த அளவு இடம் கிடைக்கவில்லை. இரண்டாம் பாகம் எழுதும்போது விலக்கப்பட்ட நெரிசல் இங்கே திரும்ப வந்துவிட்டது. நான்காம் பாகம் 2010இல் கைவிடப்பட்டது.

மோலினா 2021இல் ஸ்பைடர்மேன்: நோ வே ஹோம் படத்தில் அதே வேடத்துக்குத் திரும்பினார். இம்முறை கரங்கள் கணினியில் உருவானவை. கருகிய சில்லுக்குப் பதிலாகப் புதிய சில்லு பொருத்தப்பட்டதும் ஆக்டேவியஸ் மீண்டும் பழைய மனிதராகிறார். பிற வில்லன்களோடு மோதும் வேளையில் ஸ்பைடர்மேனின் பக்கம் நின்று போராடுகிறார்.