கடுதாசியும் கம்ப்யூட்டரும்

மலையகத்தில் கடுதாசி என்பது வெறும் கடுதாசி இல்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த வருஷம் வந்த சட்டம், விண்ணப்பித்தால் உரிமை தரலாம் என்றது. ஆனால் 1946 ஜனவரி 1க்கு முன் 7 வருஷம், கலியாணம் ஆகாதவர் என்றால் 10 வருஷம், இடைவிடாமல் இங்கே வசித்ததை நிரூபிக்க வேண்டும். லயத்தில் பிறந்து கொழுந்து பறித்தவர் எந்தக் கடுதாசியைக் காட்டுவார்? 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று பங்கு போட்டது. நாடற்ற நிலைக்கு முடிவு கட்டிய சட்டம் வர 2003 ஆயிற்று.

கடுதாசிக்கு வேறு ஆபத்துகளும் உண்டு. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தபோது லயங்கள் ஆட்களோடு சேர்ந்தே புதைந்தன. அதனால் பிறப்புச் சான்றிதழையும் பழைய போட்டோவையும் ஸ்கேன் பண்ணி கம்ப்யூட்டரில் வைப்பது நல்ல காரியந்தான். ஆனால் கம்ப்யூட்டரும் நிலையாக நிற்பதில்லையே.

விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8இல் முடிந்தது. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14. விண்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபர் 14. பதுளையிலும் பசறையிலும் பண்டாரவளையிலும் பழைய மெஷினில் புது விண்டோஸ் போட்டுவிட்டு, "எல்லாம் போச்சு" என்று தலையில் கை வைப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்!

பல நேரம் எதுவும் போயிருக்காது, இடம்தான் மாறியிருக்கும். வட்டை அழிக்காமல் புதிதாகப் போட்டால், பழைய கோப்புகள் சி வட்டில் 'விண்டோஸ்.ஓல்ட்' என்ற ஃபோல்டருக்குள் ஒதுக்கப்படும். அதற்குள் 'யூசர்ஸ்' என்பதில் உங்கள் பெயரைத் தேடுங்கள். எக்ஸ்பியில் இருந்து வந்தவை என்றால் 'டாகுமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்' என்பதில் இருக்கும். தாமதம் வேண்டாம்: விண்டோஸ் 10இலும் 11இலும் அப்கிரேட் முடிந்து 10 நாளில் அந்த ஃபோல்டர் தானாகவே நீக்கப்படும்.

வட்டையே ஃபோர்மட் செய்திருந்தால்? குயிக் ஃபோர்மட் பெரும்பாலும் அட்டவணையைத்தான் அழிக்கும். புதிதாக எதுவும் மேலே எழுதப்படும் வரை தரவு அடியில் கிடக்கும். உடனே மெஷினை நிறுத்துங்கள். வட்டைக் கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டி, ரெக்குவா, போட்டோரெக் போன்ற மீட்பு மென்பொருளால் தேடலாம். எஸ்எஸ்டி வட்டில் மட்டும் நம்பிக்கை குறைவு. அழித்த இடத்தை அது தானே துடைத்துவிடும்.

கோப்பு திரும்பினாலும் நமக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது: எழுத்து. இலங்கையில் பல வருஷம் தமிழ் தட்டச்சு என்றாலே பாமினிதான். அது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவத்தை வைத்த எழுத்துரு. புது மெஷினில் பாமினி இல்லையென்றால், 'அம்மா' என்று அடித்தது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கும். கோப்பு பழுதாகிவிட்டது என்று பலர் அதை அழித்தே விடுகிறார்கள். அழிக்காதீர்கள்! பாமினியை மறுபடி நிறுவினால் வாசிக்கலாம். அதைவிட நல்லது, மாற்றி ஒன்றின் உதவியோடு யூனிகோடுக்குக் கொண்டுவருவது. தமிழ் 1991இலேயே யூனிகோடில் ஏறிவிட்டது. அதில் இருக்கும் எழுத்தைப் படிக்க ஒரே ஒரு எழுத்துருவை நம்பியிருக்க வேண்டியதில்லை.

தோட்டத்துத் தாத்தா பாட்டிகளிடம் கேட்டுத் தட்டச்சு செய்த கதைகள், பழைய சங்கக் கூட்டக் குறிப்புகள், மரண வீட்டு நோட்டீசுகள் – இவற்றுக்கு எந்த அலுவலகத்திலும் பிரதி கிடையாது. அப்கிரேட் செய்யும் முன் ஒரு பென் டிரைவில் ஒரு பிரதி, வேறு ஊரில் உள்ள உறவினரிடம் இன்னொரு பிரதி. அத்தாட்சி கேட்டே அலைக்கழிக்கப்பட்ட சனம் நாங்கள். இருக்கிற அத்தாட்சியையாவது நாங்களே காப்பாற்றுவோம்.