செத்த காலேஜ், உயிர்க் காலேஜ்: சென்னையில் அறிவியலின் 'பொதுமக்கள்'

1

எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் பழைய பட்டணத்துச் சனங்கள் வைத்த பெயர் 'செத்த காலேஜ்'. சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டி இருந்த மிருகக்காட்சிசாலை 'உயிர்க் காலேஜ்'. ஒன்றில் பாடம் பண்ணி வைத்த விலங்குகள், மற்றதில் உயிருள்ளவை. சென்னை வரலாறு எழுதுகிறவர்கள் இதை ஒரு வேடிக்கைத் துணுக்காகச் சொல்லிவிட்டுக் கடந்துபோவது வழக்கம். எனக்கு அப்படிக் கடந்துபோக முடியவில்லை. கல்லூரி வாசலை மிதிக்க வழியில்லாத ஒரு பெருங்கூட்டம், தனக்குத் திறந்திருந்த இரண்டு இடங்களையும் 'காலேஜ்' என்றே அழைத்திருக்கிறது. அவர்கள் வேடிக்கை பார்க்கப் போனார்கள் என்று நாம் எழுதிக்கொண்டிருக்கிறோம். 'காலேஜ் பாக்கப் போறோம்' என்று அவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இன்று இந்த மாநகரில் அறிவியல் பொழிவுகளுக்கும் இயற்கை நடைகளுக்கும் பஞ்சமில்லை. பள்ளிக்கரணையில் பறவை பார்த்தல், பெசன்ட் நகர் கரையில் ஆமை நடை, மரம் அறிதல், வான் நோக்கல், அரங்கப் பேச்சு என்று வாரக் கடைசிகள் நிறைந்திருக்கின்றன. இவை எல்லாவற்றிலும் புழங்கும் சொல் 'பொதுமக்கள்'. யார் இந்தப் பொதுமக்கள்? யாரை அழைத்து, யாரை விட்டு, யாரைக் காட்சிப்பொருளாக்கி இந்தப் 'பொது' கட்டப்பட்டது? இந்தக் கேள்வியோடு நூற்றைம்பது வருஷத்தைத் திரும்பிப் பார்க்கலாம்.

2

அருங்காட்சியகம் 1851இல் தொடங்கியது. முதல் இடம், புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி என்று அழைக்கப்பட்ட கட்டடம். பொறுப்பாளர் எட்வர்டு பால்ஃபர் என்ற மருத்துவர். 1854இல் பாந்தியன் சாலைக்கு மாறியது. பால்ஃபர் உயிருள்ள விலங்குகள் சிலவற்றையும் வளாகத்தில் வைத்தார்; கூட்டம் பெருகியது. அந்த விலங்குத் தொகுப்புதான் வளர்ந்து 1860களில் பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போனது.

'காலேஜ்' என்ற பெயர் அந்த முதல் கட்டடத்திலிருந்து ஒட்டிக்கொண்டது என்றே வைத்துக்கொள்வோம். மூணு வருஷம் இருந்த கட்டடத்தின் பெயரை நூறு வருஷத்துக்கு மேல் சனங்கள் ஏன் விடாமல் பிடித்துக்கொண்டார்கள்? அந்தக் கட்டடத்தோடு சம்பந்தமே இல்லாத பீப்பிள்ஸ் பார்க் கூண்டுகளுக்கும் அதை ஏன் நீட்டினார்கள்? பொங்கல் கழிந்து வரும் 'காணும்' நாளில் குடும்பம் குடும்பமாகக் கட்டுச்சோறோடு இந்த இரண்டு காலேஜுக்கும் போவது பட்டணத்து வழக்கமாயிற்று. காண்பதற்கென்றே ஒரு நாளை வைத்திருக்கும் பண்பாடு, காணுதலை அறிதலாக எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை.

காலனிய அறிவுலகம் இந்தக் கூட்டத்தை இரண்டு மனசோடு பார்த்தது. கியான் பிரகாஷ் 1999இல் வெளியிட்ட தன் நூலில் இதை விரிவாகப் பேசுகிறார். அறிவியல் தன் வல்லமையை நிகழ்த்திக்காட்ட 'சுதேசி'களின் வியப்பு தேவைப்பட்டது. அதே வியப்பு அறியாமையின் அடையாளமாகவும் குறிக்கப்பட்டது. வாயைப் பிளந்து பார்க்கிறவன் வரணும். ஆனால் வாயைப் பிளந்து பார்க்கிறான் என்று எழுதியும் வைக்கணும்.

இந்த இரட்டை மனசு உச்சத்துக்குப் போனது எட்கர் தர்ஸ்டன் காலத்தில். 1885 முதல் 1908 வரை அருங்காட்சியகத்தின் மேற்பார்வையாளர் அவர். மூக்கின் நீள அகலம், மண்டையின் சுற்றளவு, தோலின் நிறம் என்று மனிதர்களை அளந்தார். மலைகளில் முகாம் போட்டு அளந்ததோடு, அருங்காட்சியகத்துக்கு வந்துபோகிறவர்களையும் அளந்தார். அளவுகோலைக் கண்டு மிரண்டு ஓடியவர்களைப் பற்றி அவரே எழுதியிருக்கிறார். கே. ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் ஏழு தொகுதிகளாக வந்த 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' இந்த அளவெடுப்பின் விளைச்சல். ஆக, செத்த காலேஜுக்குப் படிக்க வந்தவன் அங்கேயே பாடப்பொருளாக ஆக்கப்பட்டான். கண்ணாடிப் பெட்டிக்கு இந்தப் பக்கம் நிற்பவனுக்கும் அந்தப் பக்கம் இருப்பதற்கும் இடையில் பெரிய தூரம் இருக்கவில்லை.

3

இதே பட்டணத்தில் வேறொரு முயற்சியும் நடந்தது. சிந்தாமணி ரகுநாதாச்சாரி (1828-1880) சென்னை வானாய்வகத்தில் முதல் உதவியாளர். 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவர்; 1872இல் லண்டன் ராயல் வானியல் கழகத்தின் உறுப்பினரானவர். 1874 டிசம்பர் 9 அன்று சூரியனின் முகத்தின் குறுக்கே வெள்ளிக் கோள் கடந்துபோகவிருந்தது. அது என்ன, ஏன் நிகழ்கிறது, அதை வைத்துச் சூரியனின் தூரத்தை எப்படிக் கணக்கிடுவார்கள் என்பதை விளக்கி அவர் ஒரு சிறு நூல் எழுதினார். இந்திய மொழிகளிலும் அது வந்தது. வடிவம் உரையாடல்: மரபான பண்டிதர் ஒருவர் கேட்கிறார், புதிய வானியல் கற்ற சித்தாந்தி பதில் சொல்கிறார்.

இந்த வடிவம் முக்கியமானது. கேட்பவனுக்கு ஏற்கெனவே ஓர் அறிவு இருக்கிறது, அவன் எதிர்க்கேள்வி போடுவான் என்ற ஒப்புதல் அதற்குள் இருக்கிறது. பிரசங்கத்தில் அது கிடையாது. ரகுநாதாச்சாரி பழைய வாக்கியக் கணிதத்தை விட்டு, கண்ணால் கண்டு சரிபார்த்த திருக்கணிதத்தின்படி பஞ்சாங்கமும் வெளியிட்டார். ஆனால் அந்த உரையாடலின் எல்லையும் அதிலேயே தெரிகிறது. பண்டிதரும் சித்தாந்தியும் ஒரே திண்ணையில் உட்காரக் கூடியவர்கள். கேள்வி கேட்கும் தகுதி பஞ்சாங்கம் வாசிக்கத் தெரிந்தவனுக்குத்தான். காணும் பொங்கலன்று கட்டுச்சோறோடு வந்தவனுக்கு அந்தத் திண்ணையில் இடமில்லை.

அவனை நோக்கிப் பேசியது சுயமரியாதை இயக்கம். மீனவர் சமூகத்தில் பிறந்த ம. சிங்காரவேலர் (1860-1946) 1930களில் 'குடிஅர'சில் எழுதிய அறிவியல் கட்டுரைகளும், 1935இல் அவர் தொடங்கிய 'புது உலகம்' இதழும், உலகத்தின் தோற்றம், உயிரின் தோற்றம், மனத்தின் இயக்கம் ஆகியவற்றை வகுப்பறைக்கு வெளியே கொண்டுவந்தன. டார்வினைப் படிப்பது சாதியைக் கேள்வி கேட்பதோடு இணைந்தது. அறிவியல் இங்கே பொழுதுபோக்காக இல்லை. சாப்பாட்டோடும் மானத்தோடும் சம்பந்தப்பட்டிருந்தது.

4

சுதந்திரத்துக்குப் பிறகு இந்த மரபு இரண்டாகப் பிரிந்தது என்று நான் கருதுகிறேன். ஒன்றை 'மேடை' என்றும் மற்றொன்றை 'நடை' என்றும் வசதிக்காக அழைக்கிறேன்.

மேடையின் வரலாறு: 1980இல் தமிழ்நாடு அறிவியல் இயக்கம். 1986இல் ஹாலி வால்மீன். 1987இல் நாடெங்கும் கிளம்பி, நச்சுவாயு கொன்ற போபாலில் போய் முடிந்த மக்கள் அறிவியல் கலைப்பயணம். அதே ஆண்டு 'துளிர்' சிறுவர் அறிவியல் இதழ். பின்னர் அறிவொளி. பாட்டும் வீதி நாடகமுமாக, தமிழில், சைக்கிளிலும் பஸ்ஸிலும் போய்ப் பேசிய தோழர்களின் உழைப்பை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. 2004 ஜூன் 8 அன்று, 1874இன் சோடிக்கு அடுத்த சோடியின் முதல் கடத்தலாக வெள்ளி மறுபடி சூரியனைக் கடந்தபோது, கண்ணாடியும் கையுமாகத் தெருவில் நின்று காட்டியவர்களும் இந்த மேடைக்காரர்கள்தான்.

ஆனால் மேடைக்கு ஒரு பழக்கம் உண்டு. எதிரே இருப்பவனிடம் அறிவு இல்லை, மூடநம்பிக்கைதான் இருக்கிறது என்று தொடங்குவது. 1995 செப்டம்பர் 21 நினைவிருக்கும். பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று ஊரே வரிசையில் நின்றது. பரப்பு இழுவிசை, நுண்புழை ஈர்ப்பு என்று விளக்கினோம். விளக்கம் சரிதான். ஆனால் வரிசையில் நின்றவர்கள் சொன்னது என்ன? 'எவனோ சொன்னான்னு இல்ல சார், என் கையால ஸ்பூன்ல வெச்சேன், கண்ணால பாத்தேன்.' அவர்களில் பலர் சோதித்துப் பார்க்கத்தான் போயிருந்தார்கள். சோதனை செய்தவனைப் பார்த்து, 'உன் சோதனையில் ஒரு படி பாக்கி இருக்கு. அதே ஸ்பூனைப் பக்கத்துல இருக்கிற கருங்கல்லு மேல வெச்சுப் பாரு' என்று சொல்லியிருக்கலாம். சிலர் சொன்னார்கள். பெரும்பாலும் நாம் சொன்னது 'மடையா' என்பதுதான்.

5

நடையின் வரலாறு வேறு. 1972இல் கிண்டியில் பாம்புப் பண்ணை, 1976இல் வடநெம்மேலியில் முதலைப் பண்ணை, 1978இல் மெட்ராஸ் இயற்கையாளர் சங்கம், 1988இல் கடலாமைகளுக்கான மாணவர் அமைப்பு. இங்கே மேடை இல்லை, ஒலிபெருக்கி இல்லை. சொல்பவரும் கேட்பவரும் ஒரே மணலில் நடக்கிறார்கள். மேடையின் படிநிலை இங்கே கலைந்துவிட்டது போலத் தோன்றும். ஆனால் நடையின் மொழி பெரும்பாலும் ஆங்கிலம். இயற்கையாளர் சங்கத்தின் இதழும் ஆங்கிலம். இரண்டு மொழியிலும் எழுதிய மா. கிருஷ்ணன் (1912-1996) போன்றவர்கள் விதிவிலக்கு. மேடைக்குத் தமிழ் இருந்தது, காடும் கடலும் இல்லை. நடைக்குக் காடும் கடலும் இருந்தன, தமிழ் இல்லை. இந்த விலகலின் சாதி, வர்க்கக் காரணங்களை வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஆமை நடையைப் பார்ப்போம். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை, நள்ளிரவில், நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையில் நடந்து, கரையேறி முட்டையிடும் ஆமையின் தடத்தைத் தேடுவார்கள். ஒரு குழியில் நூறு முட்டை, அதற்கு மேலும் இருக்கும். நாய்க்கும் நரிக்கும் தப்ப, எடுத்துவந்து வேலிக்குள் புதைப்பார்கள். நாற்பத்தைந்து நாளிலிருந்து அறுபது நாளுக்குள் குஞ்சு வரும். மணலின் சூடு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கும். குஞ்சு வெளிச்சத்தை நோக்கிப் போகும் என்பதால், தெருவிளக்கு அதைச் சாலைக்கு இழுத்துவிடும். மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சம்பளமில்லாமல் செய்யும் வேலை இது. மதிக்கிறேன்.

இந்த ஆமைக்குப் பாடநூல் தமிழில் இறக்குமதிப் பெயர் இருக்கிறது. குப்பத்தில் இதன் பெயர் பங்குனி ஆமை. அது கரையேறும் பருவம் பெயரிலேயே இருக்கிறது. வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்கும், திசைக்கொன்றாக நீரோட்டத்துக்கும் பெயர் வைத்திருப்பவர்களின் வாசலில்தான் அந்த நடை நடக்கிறது. நான் போன ஒரு நடையில் (யார் நடத்தியது என்பது இங்கே வேண்டாம்) கட்டுமரத்தில் சாய்ந்திருந்த பெரியவர் ஒருவர், 'காத்து திரும்பிடுச்சிப்பா, இன்னிக்கு ஏறாது' என்றார். குழுவில் யாரும் அதை ஆங்கிலத்தில் சொல்லவில்லை. அன்று ஆமை வந்ததா இல்லையா என்பது முக்கியமில்லை. 'ஏன் அப்படிச் சொல்றீங்க தாத்தா?' என்று ஒரு கேள்வி எழவில்லை. ரகுநாதாச்சாரியின் பண்டிதருக்கு 1874இல் கிடைத்த எதிர்வாதி என்ற மரியாதைகூட அவருக்குக் கிடைக்கவில்லை.

இது வெறும் மரியாதைப் பிரச்சினையும் இல்லை. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. உடனே 'மீனவர்கள்' என்று பொதுவாகப் பழி விழுந்தது. இழுவலை போடும் விசைப்படகு வேறு, குப்பத்துக்காரனின் சின்னப் படகு வேறு. 1983ஆம் ஆண்டுச் சட்டமே கரையிலிருந்து மூன்று கடல்மைல் வரை விசைப்படகுகளை விலக்கி வைக்கிறது. கரையோர மீனவனும் ஆமையும் ஒரே மீறலால் நஷ்டப்படுகிறார்கள். இந்த வித்தியாசம் தெரியாத 'பொதுமக்களை' நாற்பது வருஷ நடை உருவாக்கியிருக்கிறது என்றால், அந்த நடை எங்கோ வழுக்கியிருக்கிறது.

மாற்று நம் கண்முன்னே இருக்கிறது. பாம்புத் தோல் வணிகம் 1970களில் சட்டத்தால் முடிவுக்கு வந்தபோது பிழைப்பிழந்த இருளர்கள், 1978இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்துப் பாம்பு நஞ்செடுக்கும் தொழிலுக்கு வந்தார்கள். நாட்டின் பாம்புக்கடி மருந்துத் தயாரிப்பு அந்த நஞ்சை நம்பி நிற்கிறது. வடநெம்மேலியில் நஞ்செடுப்பதைப் பார்வையாளர்களுக்குச் செய்துகாட்டுபவர்களும் இருளர்களே. மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரும் 2017இல் ஃப்ளோரிடாவில் மலைப்பாம்பு பிடிக்க அழைக்கப்பட்டார்கள்; 2023இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். தர்ஸ்டனின் தொகுதிகளில் இருளர் என்பது ஒரு பதிவு; அளக்கப்பட்ட மூக்கு. இங்கே அவர் சொல்பவர். அவருடைய அறிவுக்குக் கூலியும் உண்டு. பாராட்டோடு நிறுத்திக்கொள்ளாமல், சங்கமும் வருமானமும் சேர்ந்தபோதுதான் இது நடந்தது.

6

உயிர்க் காலேஜ் 1985இல் வண்டலூருக்குப் போய்விட்டது. மிருகங்களுக்கு அது நல்லது. வடசென்னைச் சனங்களுக்கு நடந்துபோகிற தூரம் ஒரு நாள் பயணமாயிற்று. ஆனாலும் காணும் பொங்கலன்று அங்கே கூட்டம் அலைமோதத்தான் செய்கிறது. மறுநாள் பத்திரிகை அந்தக் கூட்டம் போட்ட குப்பையைப் படம் பிடித்துப் போடும். 2010களில் கணித அறிவியல் நிறுவனம் மியூசிக் அகாடமியில் அறிவியல் பொழிவுகள் நடத்தத் தொடங்கியது, நல்ல பொழிவுகள். சபாவுக்குள் யார் இயல்பாக நுழைவார்கள், யார் வாட்ச்மேனைப் பார்த்துத் தயங்குவார்கள் என்பதும் நமக்குத் தெரியும்.

கூட்டம் வரும் இடத்தில் பேச்சு இல்லை. பேச்சு நடக்கும் இடத்தில் அந்தக் கூட்டம் இல்லை. இதைச் சரிசெய்யப் புதுக் கோட்பாடு எதுவும் வேண்டாம். காணும் பொங்கலன்று வண்டலூரிலும் எழும்பூரிலும் கூண்டுக்கொருவர், பெட்டிக்கொருவர் நின்று தமிழில் பேசலாம். நடைகளில் குப்பத்தாரை விளக்குபவராக அழைத்து, பொழிவாளருக்குக் கொடுக்கும் அதே தொகையைக் கொடுக்கலாம். மேடைக்காரர்கள் சதுப்புக்கும் கரைக்கும் வரலாம். நடைக்காரர்கள் வியாசர்பாடிக்கும் காசிமேட்டுக்கும் போகலாம். பள்ளிக்கரணையும் எண்ணூர்க் கழிமுகமும் துண்டுபோடப்படும்போது எதிர்த்து நிற்கப்போவது அங்கே குடியிருப்பவர்கள்தான். சதுப்பின் அறிவியல் முதலில் அவர்கள் கையில் இருக்க வேண்டும். அவர்கள் கையில் இருக்கும் சதுப்பின் அறிவு நம் காதுக்கு வர வேண்டும்.

கட்டணம் கட்டாமல், சான்றிதழ் கேட்காமல், குடும்பத்தோடு போய்ப் படிக்கும் இடம் ஒன்று தங்களுக்கு உண்டு என்று இந்த ஊர்ச் சனங்கள் ஒரு காலத்தில் முடிவு செய்து, அதற்குப் பெயரும் வைத்துவிட்டார்கள். அந்தக் காலேஜை நடத்தும் வேலைதான் இன்னும் பாக்கி.