அசரியா, வே. சா. (1874–1945)

ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் (1912). நெல்லைச் சீமையின் வெள்ளாளன்விளையில் குருவானவர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் உருவாக முன்னின்றார். பின் மனைவி அன்பு மரியம்மாளுடன் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லில் குடியேறி, தெலுங்கு கற்று ஊழியம் செய்தார்.

விசுவாசத்தைப் பகிர்வது குருமார் வேலை மட்டுமன்று என்பதே அவர் பணியின் உயிர்நாடி. ஞானஸ்நானம் பெற்றவர்கள் தம் தலைமேல் கைவைத்து, நற்செய்தியை அறிவிக்காவிடில் தமக்குக் கேடு என்று பவுலைப் போல அறிக்கையிடச் செய்தார். அவர்களில் பெரும்பாலோர் எழுத்தறியாத மாலா, மாதிகா சாதி உழைப்பாளிகள். அவர்களுடைய குடும்ப வாழ்வில் நேர்ந்த மாற்றமே அயலாரை ஈர்த்தது. எந்தப் பிரசங்கத்தையும்விட அதுவே வலிய சாட்சி. கிராம ஊழியர்களுடன் அவர்களின் மனைவியருக்கும் தோர்ணக்கல்லில் பயிற்சி அளிக்கப்பட்டது.