வர்ணப் புட்டியும் வான்வழி நியமங்களும்

பழைய போர்க்கப்பல்களையும் ஆகாய விமானங்களையும் ரயில் எஞ்சின்களையும் கையடக்கமான மாதிரிகளாக அமைத்து, அவற்றுக்கு உண்மையான நிறம் தீட்டி மகிழும் கலையில் ஈடுபட்டவர்களுக்கு, அம்மாதிரிகளின் பாகங்களை அயல்தேசங்களிலிருந்து வரவழைப்பது இன்று அரிய காரியமன்று. ஆனால் அதே வியாபாரியிடம் விற்பனைக்கிருக்கும் 10 மில்லிலிட்டர் வர்ணப் புட்டியைக் கேட்டால், அதை அயல்நாட்டுக்கு அனுப்ப இயலாது என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கிறது. கேட்டவருக்கு வருத்தம் உண்டாவது இயல்பே. எனினும் இத்தடைக்குப் பின்னால் நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட அனுபவம் இருக்கிறது என்பதையும், அந்த அனுபவத்தை மானிட சமூகம் உயிர்களை விலையாகக் கொடுத்தே பெற்றது என்பதையும் அறிந்துகொள்வது நலம்.

இந்த வர்ணங்களின் பிறப்பிடங்கள் பல. இங்கிலாந்தின் ஹல் நகரத்தில் 1919-ஆம் ஆண்டு ஹம்பர் ஆயில் கம்பெனி என்று தொடங்கப்பட்ட ஸ்தாபனம், பிற்காலத்தில் ஹம்ப்ரால் என்ற பெயரில், 14 மில்லிலிட்டர் கொள்ளும் சின்னஞ்சிறு தகர டப்பாக்களில் எனாமல் வர்ணங்களை விற்று உலகப் பிரசித்தி அடைந்தது. ஜப்பானின் ஷிஸுவோக்கா நகரத்தில் 1946-இல் மர வியாபாரமாகத் தொடங்கி, 1960-இல் பிளாஸ்டிக் மாதிரிகளைச் செய்ய முற்பட்ட தாமியா ஸ்தாபனமும், நாளடைவில் தன் மாதிரிகளுக்கு ஏற்ற வர்ணங்களைத் தானே தயாரித்து அளித்தது. எனாமலில் டர்பன்டைனுக்குப் பதிலாக வழங்கும் பெட்ரோலிய எண்ணெய்களும், லாக்கரில் அவற்றினும் விரைவாக ஆவியாகும் தின்னர் வகைகளும், தாமியாவின் அக்ரிலிக் வர்ணத்தில் ஆல்கஹாலும் கலந்திருக்கின்றன. இத்திரவங்கள் விரைந்து ஆவியாவதனாலேயே வர்ணம் தூரிகையின் தடம் தெரியாமல் மெல்லிய படலமாகப் படிந்து சீக்கிரம் உலர்கிறது. கலைஞனுக்கு வரமாக அமைந்த இந்தக் குணமே, மூடிய பெட்டிக்குள் நெடுந்தூரம் பிரயாணம் செய்யும்போது அபாயமாக மாறுகிறது.

அபாயகரமான சரக்கைப் பற்றிய விழிப்பு உலகத்துக்கு எளிதில் வந்துவிடவில்லை. 1866-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், அமெரிக்காவின் ஸான் பிரான்ஸிஸ்கோ நகரத்தில், சரக்கனுப்பும் அலுவலகம் ஒன்றுக்கு வந்த பெட்டி கசிவதைக் கண்ட சிப்பந்திகள், உள்ளே இருப்பது நைட்ரோகிளிஸரின் என்பதை அறியாமல் அதைத் திறக்க முற்பட்டபோது, அது வெடித்துப் பலருடைய உயிரைக் கொள்ளை கொண்டது. அந்த ஆண்டிலேயே அமெரிக்கக் காங்கிரஸ் அப்பொருளைக் கொண்டு செல்வதை ஒழுங்குபடுத்தச் சட்டம் இயற்றியது. பெட்டிக்குள் இருப்பது இன்னது என்று வெளியே எழுதப்பட வேண்டும் என்ற நியமத்தின் அவசியத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டிய சம்பவம் வேறில்லை.

எரியும் திரவங்களின் அபாயத்தை அளந்தறியும் வழியோ, மண்ணெண்ணெய் விளக்குகள் வீடுதோறும் பரவிய காலத்தில் உண்டாயிற்று. திரவத்தைக் கிண்ணத்தில் மெல்லச் சூடேற்றி, இடையிடையே சிறு சுடரைக் காட்டி, எந்த வெப்பநிலையில் அதன் ஆவி குப்பென்று பற்றுகிறது என்று காணும் கருவியை பிரடெரிக் ஏபெல் என்ற ரஸாயன அறிஞர் அமைத்தார். 1879-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் பெட்ரோலியச் சட்டம் அந்தச் சோதனையை ஏற்றுக்கொண்டது. நம் தேசத்தின் 1934-ஆம் ஆண்டுப் பெட்ரோலியச் சட்டமும், இன்றுள்ள வடிவில், 23 டிகிரி, 65 டிகிரி, 93 டிகிரி என்னும் எல்லைகளைக் கொண்டே எண்ணெய்களை வகுக்கிறது. வர்ணத்துக்கும் இதே அளவுகோல்தான். அக்ரிலிக் வர்ணத்தில் சேரும் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலின் ஆவி ஏறத்தாழ 12 டிகிரி ஸெல்ஸியஸிலேயே பற்றக்கூடியது என்றால், நம் ஊர் வெயிலில் சரக்குக் கிடங்கில் கிடக்கும் புட்டியின் நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம்.

தேசத்துக்கொரு சட்டமாக இருந்த நிலையை மாற்ற, ஐக்கிய நாடுகள் சபையின் நிபுணர் குழு 1956-இல் தன் முதல் பரிந்துரைகளை வெளியிட்டது. அந்த மரபில் வந்த இன்றைய நியமங்கள் அபாயகரமான பொருள்களை ஒன்பது வகுப்புகளாகப் பிரித்து, எரியும் திரவங்களை மூன்றாம் வகுப்பில் சேர்த்து, வர்ணத்துக்கு 1263 என்ற எண்ணைக் கொடுத்திருக்கின்றன. ஆயினும் எழுத்தில் நியமம் இருப்பது மட்டும் போதாது என்பதை 1973-ஆம் ஆண்டு நவம்பர் 3-ஆம் தேதி நடந்த விபத்து மெய்ப்பித்தது. நியூயார்க்கிலிருந்து புறப்பட்ட பான் அமெரிக்கன் சரக்கு விமானம், உள்ளே புகை சூழ்ந்ததால் பாஸ்டன் நகரத்தில் இறங்க முயன்று விழுந்து நொறுங்க, அதிலிருந்த மூவரும் மாண்டனர். மரத்தூளில் பொதிந்து முறைகேடாக அடுக்கப்பட்ட நைட்ரிக் அமிலப் புட்டிகள் கசிந்ததே காரணமாயிருக்கும் என்று விசாரணை முடிவு கூறிற்று. 1981-இல் சர்வதேச சிவில் விமான ஸ்தாபனம் இவ்விஷயத்துக்கென்றே தனி அனுபந்தம் ஒன்றை ஏற்றுக்கொண்டது.

இந்த நியமங்கள் சிறு அளவுகளை அடியோடு மறந்துவிடவில்லை. புட்டி ஒன்றுக்கு 30 மில்லிலிட்டரும், வெளிப்பெட்டி ஒன்றுக்கு வர்ணத்தின் தன்மைக்கேற்ப அரை லிட்டரோ ஒரு லிட்டரோ மிகாமலிருந்தால், குறிப்பிட்ட கட்டுமுறையுடன் விமானத்தில் அனுப்பச் சலுகை உண்டு. ஆனால் அச்சலுகை தபாலுக்குப் பொருந்துவதில்லை. 1874-இல் தோன்றிய சர்வதேசத் தபால் ஒன்றியத்தின் விதிகள் எரியும் திரவங்களை விலக்குகின்றன. பிரயாணி தம் பெட்டியில் வைத்துக் கொண்டு வரவும் அனுமதியில்லை. எஞ்சியிருப்பது, பயிற்சி பெற்ற சிப்பந்திகளைக் கொண்டு இத்தகைய சரக்கை ஏற்கும் கூரியர் மார்க்கம் ஒன்றே. அதன் கட்டணமோ புட்டியின் விலையைப் பன்மடங்கு விஞ்சிவிடும். கடல் மார்க்கத்துக்கு 1965 முதல் தனி விதித்தொகுப்பு இருந்தபோதிலும், மொத்தமாக இறக்குமதி செய்யும் வியாபாரிக்கு உதவும் அம்மார்க்கம் இரண்டு புட்டி வேண்டும் தனிமனிதருக்கு உதவாது.

இந்த நெருக்கடியில் சிலர், பெட்டியின் மேல் 'பொம்மை' என்றோ 'நீர் வர்ணம்' என்றோ எழுதி அனுப்பும்படி வியாபாரியை வேண்டுகிறார்கள். அது சிறு பொய்யன்று. விமானத்தைச் செலுத்துபவனிடமிருந்தும் தீயணைப்பவனிடமிருந்தும் உண்மையை மறைக்கும் குற்றம். ஆதலால், மாதிரிக் கலையில் பற்றுள்ள அன்பர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுவே: தூரிகை வேலைக்கு ஸ்பெயின் தேசத்து வல்லேஹோ முதலிய நீர் கலந்த வர்ணங்களைப் பழகுங்கள், எனாமலும் லாக்கரும் இன்றியமையாதபோது, அவற்றை முறைப்படி கப்பலில் தருவிக்கும் உள்நாட்டு வியாபாரியிடம், விலை சிறிது கூடினாலும், வாங்கி அவரை ஆதரியுங்கள். வாங்குவோர் பெருகினால் தருவிப்போரும் பெருகுவார்கள்.