பாதாம் இல்லாத பாதாம் பிஸ்கட்

சீனப் புத்தாண்டு நெருங்கினால் எங்கள் ஈப்போ வீட்டில் ஐஸ் பெட்டியின் தலையில் சிவப்பு மூடி போட்ட ஒரு போத்தல் வந்து உட்காரும். பக்கத்து வீட்டு ஆண்ட்டி வேலிக்கு மேலே நீட்டுவது அது. உள்ளே வெளிர்மஞ்சளில், வட்டமாக, நடுவில் பூ அச்சுப் பதிந்த பிஸ்கட்டுகள் இருக்கும். கன்டோனீஸில் ஹங் யான் பெங், அதாவது பாதாம் பிஸ்கட். அம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு "தெரிமா காசி" சொல்வார். அதோடு சரி. அதை யாரும் தொடக்கூடாது.

"வேணாம்டா. அதுல பன்னிக் கொழுப்பு போட்டிருப்பாங்க."

அம்மா வெள்ளிக்கிழமை விரதக்காரர். பன்றி, மாடு இரண்டும் வீட்டு வாசல்படி தாண்டக்கூடாது. இரண்டு நாள் கழித்து அப்பா அந்தப் போத்தலை வேலையிடத்துக்கு எடுத்துப்போய் சீன நண்பர்களிடம் கொடுத்துவிடுவார். கழுவிக் காயவைத்த அதே போத்தல் தீபாவளிக்கு நெய் உருண்டையோடு வேலியைத் திரும்பத் தாண்டும். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே இப்படித்தான்.

2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. அதற்கு முந்தைய இரவு சிலாங்கூரிலிருந்து பேருந்து பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன். வேதிப்பொறியியல் படித்து வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. தொழிற்சாலை மூடிக் கிடந்தது. நாடே மாவு பிசைந்துகொண்டிருந்த நேரம், நானும் அடுப்படிக்குள் புகுந்தேன். வேலியோரம் நின்று பேசும்போது ஆண்ட்டியிடம் பிஸ்கட் செய்முறை கேட்டேன். உள்ளே போய் கைப்பிடி வைத்த ஒரு மர அச்சை எடுத்துவந்து சானிடைசரால் துடைத்துக் கொடுத்தார். மணிக்கட்டு வலியால் இனி அவரால் அதைத் தட்ட முடியாதாம்.

செய்முறையில் முதல் பொருளே "காச்சாங் ஹிஜாவ்". பச்சைப் பயறு. வறுத்து அரைத்த மாவு. பிறகு சீனி மாவு, எண்ணெய், கொஞ்சம் தண்ணீர். அவ்வளவுதான்.

"பாதாம்?" என்று கேட்டேன்.

"தாக் அடா பாதாம்," என்று சிரித்தார். இப்போதுதான் கடைக்காரர்கள் போடுகிறார்களாம். அவர் அம்மா காலத்தில் யார் கண்டார்கள் பாதாமை?

பாதாம் இல்லாமல் ஏன் பாதாம் பிஸ்கட்? அன்றிரவு தேட ஆரம்பித்தவன் பல நாள் அதிலேயே கிடந்தேன்.

இந்தப் பிஸ்கட்டின் பெயர்பெற்ற ஊர் மக்காவ். இன்று அங்கே போகிறவர்கள் பை பையாக வாங்கிவருவது இதைத்தான். ஆனால் அது மக்காவுக்கு வந்தது பக்கத்து ஊரான சியாங்ஷானிலிருந்து. சுன் யாட் சென் பிறந்த மாவட்டம் அது. அவர் இறந்த 1925-இல் அவர் நினைவாக ஜோங்ஷான் என்று பெயர் மாற்றினார்கள். 1910-இல் பினாங்கில் தங்கிப் புரட்சிக்குத் திட்டம் போட்ட அதே சுன் யாட் சென்தான். அந்த ஊரின் புகழ்பெற்ற பிஸ்கட் நிறுவனம் தன் தொடக்கத்தை 1918 என்று சொல்கிறது. வசதியான ஒரு வீட்டில் வேலை செய்த பணிப்பெண் விருந்தினருக்காகப் பயத்தமாவில் பிஸ்கட் பிடித்தார் என்பது அவர்கள் சொல்லும் கதை. நடுவில் சீனியில் ஊறிய பன்றிக் கொழுப்புத் துண்டு ஒன்று. பாதாம் கிடையாது. பிஸ்கட்டின் வடிவம் பாதாம் பருப்பு மாதிரி இருந்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதாம். கம்பெனிகள் சொல்லும் பிறப்புக் கதையை நான் முழுசாக நம்புகிறவன் இல்லை. ஆனாலும் விளம்பரத்துக்காகக் கதை கட்டுகிறவன் 'எங்கள் பாதாம் பிஸ்கட்டில் பாதாம் இல்லை' என்று கட்டமாட்டான். அந்த ஒரு பகுதியை நம்பலாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. அந்தப் பெயரில் இருப்பதே பாதாம் இல்லை. ஹங் யான் என்றால் ஆப்ரிகாட் கொட்டைக்குள் இருக்கும் பருப்பு. தமிழில் அந்தப் பழத்தைச் சர்க்கரை பாதாமி என்று எழுதுகிறார்கள். நம்மவர்களும் அதைப் பாதாமின் சொந்தமாகத்தான் பார்த்திருக்கிறார்கள். சீனமருந்துக் கடையில் தெற்கு, வடக்கு என்று இரண்டு வகைப் பருப்பு கிடைக்கும். தெற்கு இனிப்பு, வடக்கு கசப்பு. கசப்புப் பருப்பில் அமிக்டலின் என்ற பொருள் இருக்கிறது. அரைத்து நனைத்தால் அது உடைந்து பென்சால்டிஹைடும் ஹைட்ரஜன் சயனைடும் வரும். முன்னது மணம், பின்னது விஷம். நாம் பாதாம் வாசம் என்று நினைத்துக்கொண்டிருப்பது அந்தப் பென்சால்டிஹைடைத்தான். இனிப்புப் பாதாமில் அது அனேகமாகக் கிடையாது. மென்று பாருங்கள், லேசான பால்வாசம்தான் வரும். கேக் கடையில் விற்கும் பாதாம் எசன்ஸ் பலவும் ஆப்ரிகாட் பருப்பிலிருந்தோ ஆய்வுக்கூடத்திலிருந்தோ வருபவை.

இந்தக் குழப்பம் நவீனச் சீனத்தையும் விடவில்லை. கலிஃபோர்னியா பாதாம் அங்கே இறக்குமதியானபோது அதற்கு 'அமெரிக்கப் பெரிய ஆப்ரிகாட் பருப்பு' என்ற பொருளில் பெயர் வைத்துவிட்டார்கள். அது தவறான பெயர் என்று 2012 வாக்கில்தான் அங்குள்ள வணிக அமைப்பினர் அறிவித்தார்கள். அதற்குப் பதிலாகப் புழங்கும் பெயர்களில் ஒன்று பாதான்மு. காதில் விழுகிறதா? பாதாம்தான்.

நான் எழுந்து உட்கார்ந்தது இங்கேதான். ஒன்பதாம் நூற்றாண்டில் துவான் செங்ஷி என்ற தாங் காலத்து எழுத்தாளர், கேள்விப்பட்ட விசித்திரங்களையெல்லாம் யூயாங் சாசூ என்ற நூலில் தொகுத்தார். பாரசீகத்தில் தட்டையான ஒரு பீச் மரம் உண்டு, அதை அந்த ஊர்க்காரர்கள் போதான் என்கிறார்கள் என்று அதில் குறித்திருக்கிறார். பாரசீகச் சொல் பாதாம். அது இந்தியா வழியாகத் தமிழுக்கு வந்தது, மலாயிலும் பாதாம் என்றே இருக்கிறது, பாலைவனப் பாதையில் சீனத்துக்கும் போயிருக்கிறது. அம்மா, ஆண்ட்டி, எதிர்வீட்டு மக்சிக் மூவரும் கடையில் போய்க் கேட்கக்கூடிய ஒரே சொல். அவர்கள் யாரும் அந்த மரத்தைப் பார்த்ததில்லை. நாங்கள் பார்த்ததெல்லாம் பள்ளித்திடலில் நின்ற கெத்தாப்பாங் மரம். பாட்டி அதை வாதாங்கொட்டை மரம் என்பார். கல்லால் நசுக்கினால் உள்ளே துளியூண்டு பருப்பு இருக்கும். வாதாங்கொட்டை என்பதும் பாதாமின் பெயர்தான். நிஜமான பாதாம் கைக்கு எட்டாதவர்கள் கிடைத்த மரத்துக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். சியாங்ஷான்காரர்கள் பயத்தமாவுக்கு வைத்த மாதிரி.

இனி பயறு. இரண்டாம் நாள் மாவை வறுத்துக்கொண்டிருந்தேன். அம்மா அறையிலிருந்து மோப்பம் பிடித்துக்கொண்டே வந்தார்.

"என்னடா, நெய் உருண்டை புடிக்கிறியா?"

"இல்லம்மா, சீன பிஸ்கட்டு."

அம்மா வாணலியைப் பார்த்தார், சீனியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது நெய் உருண்டை மாவுடா."

ஆமாம். வறுத்த பயத்தமாவு, பொடித்த சீனி, கொழுப்பு. நாம் நெய்யைச் சுடவைத்து ஊற்றி, முந்திரி போட்டு, கையால் உருட்டுகிறோம். அவர்கள் அச்சில் அமுக்கி, தட்டி எடுத்து, சூட்டில் உலர்த்துகிறார்கள். என் முதல் தட்டு அச்சிலிருந்து வரும்போதே மண்ணாக உதிர்ந்தது. தண்ணீரைக் கூட்டினேன், அடுத்த தட்டு ஓடு மாதிரி ஆனது. ஈரப்பதம் எத்தனை விழுக்காடு என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க, அம்மா கையை விட்டு ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். "புட்டு மாவுப் பதம்டா. புடிச்சா புடிபடணும், விரலால தள்ளுனா உதிரணும்." 250 கிராம் மாவுக்கு 100 கிராம் சீனிமாவு, 90 கிராம் எண்ணெய், தண்ணீர் தெளிக்கிற அளவு. 150 டிகிரியில் இருபத்தைந்து நிமிடம். நாலு வருசம் படித்த நான் அம்மாவின் உள்ளங்கையிடம் தோற்றுப்போனேன்.

பயறு இந்தியாவில் பயிரான தானியம். தென்னிந்தியப் புதிய கற்காலத் தளங்களிலேயே அதன் எச்சங்கள் கிடைத்திருக்கின்றன. சர்க்கரை விஷயமும் சுவாரஸ்யமானது. 647-இல் மகதத்திலிருந்து தூதுவர்கள் தாங் அரசவைக்கு வந்தார்கள். அதையொட்டிப் பேரரசர் தைசோங் சர்க்கரை காய்ச்சும் முறையைக் கற்றுவர மகதத்துக்கு ஆள் அனுப்பினார் என்று சீன வரலாற்று நூல் சொல்கிறது.

இந்த இடத்தில் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்கள் விழித்துக்கொள்ளும். 'எல்லாம் நம்மகிட்ட இருந்துதான் போச்சு' என்று ஒரு படம் வரும், கீழே பத்துக் கும்பிடு. எனக்கு அதில் சம்மதமில்லை. மகதம் தமிழ்நாடு இல்லை. பயறு கடல்கடந்து போனதால் பிஸ்கட் நம்முடையது ஆகாது. வறுத்த மாவை அச்சில் அமுக்கி உலர்த்தினால் மாதக்கணக்கில் கெடாது என்று கண்டது கன்டோனீஸ் அடுப்படிகள்தான். அதே பேச்சை எடுத்தால் தேயிலையில் இருக்கும் 'தே' ஹொக்கியன் சொல் என்பதையும், சாயாவின் 'சா' சீனத்தின் இன்னொரு பக்கத்திலிருந்து வந்தது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டிவரும். ஒரே இலைக்கு இரண்டு பெயர் கடன் வாங்கியவர்கள் நாம்.

மூன்றாவது தட்டு உருப்படியாக வந்தது. வேலிக்குப் போய் ஆண்ட்டியிடம் நீட்டிவிட்டு, பல வருசமாக மனசில் இருந்ததை மெதுவாகக் கேட்டேன். ஆண்ட்டி, நீங்கள் தரும் பிஸ்கட்டில் பன்றிக் கொழுப்பு உண்டா?

அவர் முகம் மாறிவிட்டது. உங்கள் வீட்டுக்குத் தருவதில் எப்படிப் போடுவேன் என்றார். முதல் வருசத்திலிருந்தே எங்களுக்கென்று தனி மாவு, கத்திச் சின்னம் போட்ட சமையல் எண்ணெய், தனிப் பாத்திரம். மலாயில் "தாரி டுலு, தாரி டுலு" என்று இரண்டு தடவை சொன்னார். அப்போதிருந்தே.

பிறகு கொஞ்சம் தயங்கி அவரும் ஒன்று கேட்டார். உங்கள் அம்மா தரும் உருண்டையில் "மின்யாக் சாப்பி" போடுவீர்கள்தானே?

மலாயில் நெய்க்கு அதுதான் பெயர். சொல்லுக்குச் சொல் பார்த்தால் மாட்டு எண்ணெய். ஆண்ட்டி குவான் யின் பக்தை, மாட்டிறைச்சி தொடமாட்டார். இங்கே நிறையச் சீனர்கள் அப்படித்தான். குவான் யின் என்பவர் அவலோகிதேஸ்வரரின் சீன வடிவம். அந்த அவலோகிதரிடம்தான் அகத்தியர் தமிழ் கற்றதாக வீரசோழியம் சொல்கிறது. அந்தப் பக்கம் போனால் கட்டுரை திரும்பி வராது. நம் வீட்டில் நெய் டின்னைப் பார்த்த நாளிலிருந்து ஆண்ட்டி அது மாட்டுக் கொழுப்பை உருக்கிச் செய்தது என்றே நினைத்திருக்கிறார். நெய் உருண்டைகளை மகனின் ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்த நேப்பாளத்துப் பையன்களுக்குக் கொடுத்துவிட்டிருக்கிறார். அம்மா மனம் நோகக்கூடாது என்று ஒரு நாளும் சொல்லவில்லை.

அது பாலிலிருந்து வருவது, வெண்ணெயை உருக்கினால் நெய் என்றேன். "சுசு?" என்று கேட்டார். "சுசு," என்றேன்.

உள்ளே வந்து அம்மாவிடம் சொன்னேன். முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் பேச்சில்லை. ராத்திரி பாத்திரம் கழுவும்போது, "தனிப் பாத்திரமாடா?" என்று மட்டும் கேட்டார்.

பாதாம் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒன்பதாம் நூற்றாண்டு நூல் இருக்கிறது. இரண்டு வீட்டு அடுப்படிக்கு நடுவே ஒரு கொழுப்பின் பெயர் எத்தனை வருசம் நின்றது என்பதை எந்த நூலிலும் தேட முடியாது. கேட்டிருந்தால் ஒரு நிமிட விஷயம். நம்மூர் நல்லிணக்க விளம்பரங்களில் பலகாரத் தட்டுகள் கை மாறும் காட்சி கட்டாயம் வரும். தட்டை வாங்கியவர்கள் சாப்பிட்டார்களா என்று கேமரா காட்டுவதில்லை.

அந்த வாரக் கடைசியில் இரண்டு தட்டு சுட்டேன். ஒன்றில் நெய்யும், பொடியாக நறுக்கிய கலிஃபோர்னியா பாதாமும். இன்னொன்றில் தேயிலை. ஆண்ட்டியின் அப்பா ஈயச் சுரங்கத்தில் வேலை செய்தவர். கிந்தாப் பள்ளத்தாக்கின் சுரங்கத் தொழிலாளர்கள் குவாங்சியிலிருந்து வந்த லியூ பாவ் தேநீரைத்தான் குடித்தார்கள். ஆண்ட்டி வீட்டில் இன்றும் அதுதான். அதை மாவில் போட்டுப் பார்த்தேன், ஈரமண் வாசம் தூக்கலாக வந்தது. பிறகு கேமரன் மலைத் தூளை மிக்சியில் மைய அரைத்து இரண்டு கரண்டி சேர்த்தேன். 1929-இல் தொடங்கிய போ தோட்டத்துத் தூள், தலைமுறைகளாகத் தமிழர்கள் கொழுந்து பறித்த மலை. பயறின் வறுத்த மணத்தோடு அது நன்றாகவே ஒத்துப்போனது. லேசான கசப்பு, சீனிக்கு எதிராக நின்றது.

சிவப்பு மூடிப் போத்தலில் பாதி பாதியாக அடுக்கினேன். இந்த முறை அம்மாவே வேலிக்குக் கொண்டுபோனார். ஆண்ட்டி நின்ற இடத்திலேயே முகக்கவசத்தை இறக்கிவிட்டு, நெய் போட்டதில் ஒன்றை எடுத்துக் கடித்தார். மெதுவாக மென்றார். அம்மா போத்தலின் மூடியைக் கையில் பிடித்தபடியே அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குராங் மானிஸ்," என்றார் ஆண்ட்டி. இனிப்புப் போதவில்லை.

அம்மா என் பக்கம் திரும்பி, "நான் அப்பவே சொன்னேன்ல, சீனி பத்தாதுன்னு," என்று சொல்லிக்கொண்டே போத்தலுக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்தார்.